முப்பத்துநான்கில் முடியும் சம்பளம்

தொழில்முறை விளையாட்டு வீரர்களில் பலர், ஆடும் காலத்தில் சம வயதினரைவிடக் கூடுதலாகச் சம்பாதித்திருந்தும், ஓய்வுபெற்ற சில ஆண்டுகளிலேயே கடனிலும் பணமுடையிலும் சிக்குகிறார்கள். இதற்கு ஊரார் உடனே சொல்லும் காரணம் ஊதாரித்தனம். கார், கைக்கடிகாரம், கூட்டாளிகள், கேளிக்கை என்று பட்டியல் நீளும். அப்படிப்பட்டவர்கள் உண்டு. குத்துச்சண்டை வீரர் மைக் டைசன் 30 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்தவர். 2003இல் திவால் மனு கொடுத்தார். ஆனால் டைசனை வைத்து ஒரு தொழிலையே அளப்பது பெரும் பிழை. சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில், பூன் லே, ஜூரோங் திடல்களில் ஆடி வளர்ந்து கழகக் காற்பந்துக்குப் போன ஒருவருக்கு, ஊதாரியாக இருக்கும் அளவுக்குப் பணம் என்றுமே வந்ததில்லை. அவருக்கும் முப்பத்தைந்து வயதில் அதே முடை வருகிறது. அப்படியானால் காரணத்தை ஆளின் குணத்தில் மட்டும் தேடிப் பயனில்லை.

அமெரிக்காவில் இதைப் பற்றி இரண்டு கணக்குகள் உண்டு. ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ் 2009இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று, அமெரிக்கக் காற்பந்து லீக்கான என்எஃப்எல்லின் வீரர்களில் 78 விழுக்காட்டினர் ஓய்வுபெற்ற இரண்டே ஆண்டுகளில் திவாலாகிறார்கள் அல்லது பண நெருக்கடிக்கு ஆளாகிறார்கள் என்றது. பத்திரிகைகள் இன்றுவரை எடுத்தாள்வது இந்த எண்ணைத்தான். இதில் வேலையின்மை, மணமுறிவு ஆகியவற்றால் வந்த நெருக்கடியும் சேர்ந்திருக்கிறது. 2015இல் பொருளியலாளர்கள் நீதிமன்றப் பதிவுகளைக் கொண்டு நடத்திய ஆய்வு நிதானமானது. ஓய்வுபெற்ற 12 ஆண்டுகளுக்குள் திவாலானவர்கள் ஏறத்தாழ 16 விழுக்காடு, அதாவது ஆறு பேரில் ஒருவர், என்று அது கண்டது. எண் சிறியதாகிவிட்டது. ஆனால் அதே ஆய்வின் இன்னொரு முடிவு யோசிக்கவைக்கிறது. அதிக ஆண்டுகள் ஆடியவர்களும் அதிகம் சம்பாதித்தவர்களும் மற்றவர்களைவிடப் பெரிதாகத் தப்பிவிடவில்லை. சம்பளம் கூடினால் ஆபத்து குறைய வேண்டும், குறையவில்லை. சம்பளத்தின் அளவைவிட அது வாழ்க்கையின் எந்தப் பருவத்தில் வருகிறது, எப்போது நின்றுபோகிறது என்பதே முக்கியம் என்று இதிலிருந்து தெரிகிறது.

மற்ற தொழில்களில் வருமானம் மெல்ல ஏறும். இருபத்திரண்டில் தொடங்குபவர் நாற்பத்தைந்தில் உச்சத்தைத் தொடுவார். அதற்குள் வீடு, பிள்ளைகள், காப்புறுதி எல்லாம் அந்த ஏற்றத்தோடு ஒட்டி அமைந்துவிடும். விளையாட்டில் உச்சம் இருபத்தாறு, இருபத்தேழில் வருகிறது. முப்பத்துநான்கில் கணக்கு முடிகிறது. சிங்கப்பூரில் சட்டப்படியான ஓய்வு வயது 63. 2026 ஜூலையிலிருந்து 64. இருபதில் தொடங்கி முப்பத்துநான்கில் நிறுத்திய வீரர் ஆடியது 14 ஆண்டுகள் என்றால், அவர் இன்னும் வேலை செய்தாக வேண்டிய காலம் ஏறத்தாழ 29 ஆண்டுகள். ஆடிய காலத்தைப்போல இரண்டு மடங்கு. ‘ஓய்வு’ என்று நாம் சொல்லுகிறோமே, அந்த ஓய்வில் ஓய்வு கிடையாது. கல்விச் சான்றிதழிலும் அனுபவத்திலும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் பின்தங்கிய நிலையில் புதிதாக வேலை தேடும் காலம் அது.

பூன் லேயை அடுத்த தொழிற்பேட்டைக்குள், ஃபோர்த் சின் பீ சாலையில் இருந்தது ஜூரோங் விளையாட்டரங்கம். சுற்றிலும் ஆலைகள், ஆலை ஊழியர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் அந்தப் பக்கத்துத் திடல்களே பொழுதுபோக்கு. இந்த வட்டாரத்துக் கழகமான ஜூரோங் எஃப்சி, 1996இல் தொடங்கிய சிங்கப்பூரின் தொழில்முறைக் காற்பந்து லீக்கான எஸ்-லீக்கில் சில பருவங்கள் ஆடியது. 2003க்குப் பின் அது லீக்கில் இல்லை. அடுத்த ஆண்டு ஜப்பானின் நீகாட்டா நகரத்துக் கழகத்தின் கிளை அணியான அல்பிரெக்ஸ் வந்து, ஜூரோங் ஈஸ்ட் விளையாட்டரங்கத்தைத் தன் இடமாக்கிக்கொண்டது. அந்த அணியில் ஆடியவர்கள் பெரும்பாலும் ஜப்பானிய இளைஞர்கள். வட்டாரத்துக்குக் காற்பந்து மிஞ்சியது. வட்டாரத்துப் பையன்களுக்கு அந்த வேலை மிஞ்சவில்லை.

எஸ்-லீக் உருவான கதையும் பணத்தோடு பிணைந்தது. 1994 டிசம்பரில் மலேசியாவின் ஷா ஆலமில் பகாங் அணியை 4-0 என வென்று மலேசியக் கிண்ணத்தைக் கொண்டுவந்த சிங்கப்பூர் அணியை வரவேற்க நகரமே திரண்டது. அதே பருவத்தில் ஆட்டங்களுக்கு விலை பேசப்பட்ட விவகாரமும் வெடித்தது. இறுதி ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட அபாஸ் சாட்டுக்கு 1995இல் சிங்கப்பூர் நீதிமன்றம் 50,000 வெள்ளி அபராதம் விதித்தது. சிங்கப்பூர், அதுவரை ஆடிவந்த மலேசிய லீக்கிலிருந்து விலகியது. மறு ஆண்டு சொந்த லீக் பிறந்தது. மலேசியக் கிண்ணக் காலத்தில் திடலுக்கு வந்த கூட்டம் சிறிய கழகங்களுக்கு வரவில்லை. நுழைவுச்சீட்டு வருமானம் அற்பம். கழகங்கள் மானியத்தை நம்பி நடந்தன. ஆட்டக்காரருக்கு மாதம் சில ஆயிரம் வெள்ளி, பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தம். பருவம் முடியும்போது அடுத்த ஆண்டுக்கு வேலை உண்டா என்பதே கேள்வி. இப்படிப்பட்ட ஒருவருக்கு வங்கியில் வீட்டுக்கடன் கேட்பதும் கடினம், இருபது ஆண்டுக்குத் திட்டமிடுவதும் கடினம்.

கழகமே தடுமாறினால் அதுவும் ஆட்டக்காரர் தலையில்தான் விழும். ஆயுதப்படையின் கழகமாகத் தொடங்கி வாரியர்ஸ் எனப் பெயர் மாறிய அணி ஒன்பது முறை லீக் பட்டம் வென்றது. அந்தக் கழகத்திலேயே கடைசியில் சம்பளப் பாக்கி விழுந்து, 2020 பருவத்திலிருந்து அது லீக்கில் இல்லாமல் போனது. ஒன்பது பட்டம் வென்ற இடத்தில் இந்த நிலை என்றால் மற்றவற்றைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. இது சிங்கப்பூரின் தனிக்குறையும் அல்ல. உலகக் காற்பந்து ஆட்டக்காரர் சங்கமான ஃபிஃப்புரோ 2012இல் கிழக்கு ஐரோப்பாவில் எடுத்த கணக்கெடுப்பில், கேட்கப்பட்டவர்களில் 41 விழுக்காட்டினர் சம்பளம் நேரத்துக்கு வருவதில்லை என்றார்கள். சம்பளம் தள்ளிப்போகும் ஆட்டக்காரரைத்தான் சூதாட்டத் தரகர்கள் முதலில் அணுகுகிறார்கள் என்பதையும் அந்த அறிக்கை காட்டியது.

வயது வரம்பு இன்னொரு நெருக்கடி. 2018இல் லீக் சிங்கப்பூர் பிரிமியர் லீக் எனப் பெயர் மாறியபோது, ஒவ்வோர் உள்ளூர் அணியும் 23 வயதுக்குட்பட்ட மூவரையாவது தொடக்க அணியில் இறக்கவேண்டும் என்ற விதி வந்தது. இளையரை வளர்க்கும் நோக்கம் நல்லதே. ஆனால் பதினொரு இடத்தில் மூன்று முன்பே ஒதுக்கப்பட்டால், வெளியேறுபவர் முப்பதைத் தாண்டியவர். முப்பத்துநான்கு வரை ஆடலாம் என்று கணக்குப் போட்டிருந்தவர் முப்பத்தொன்றில் வீட்டுக்கு வந்தார்.

சிங்கப்பூரில் வீடு, மருத்துவம், முதுமை மூன்றும் மத்திய சேம நிதி (மசேநி) என்ற ஒரே குழாய் வழியாக வருகின்றன. 1955 முதல் இருக்கும் ஏற்பாடு இது. 55 வயதுவரை ஊழியர் தம் சம்பளத்தில் 20 விழுக்காடும் முதலாளி மேலும் 17 விழுக்காடும் கட்ட வேண்டும். பூன் லே அடுக்குமாடி ஒன்றில் வளர்ந்த இரண்டு பையன்களை எடுத்துக்கொள்வோம். இருவரும் கட்டாயத் தேசிய சேவையை முடிக்கிறார்கள். ஒருவர் தொழில்நுட்பக் கல்விக் கழகச் சான்றிதழோடு ஜூரோங் ஆலையில் 3,000 வெள்ளிச் சம்பளத்துக்குச் சேர்கிறார். மாதந்தோறும் அவர் மசேநி கணக்கில் விழுவது 1,110 வெள்ளி. அதில் 510 வெள்ளி முதலாளி தருவது. அந்த 1,110இல் 690 வெள்ளி, வீடு வாங்கப் பயன்படும் சாதாரணக் கணக்குக்குப் போகும். சம்பளம் ஒரு காசுகூட உயராவிட்டாலும், வட்டியைச் சேர்க்காமலே, 12 ஆண்டில் மொத்தம் 1,59,840 வெள்ளி; அதில் வீட்டுக்கு மட்டும் 99,360 வெள்ளி. அவர் சிக்கனமானவரா ஊதாரியா என்ற கேள்வியே இங்கு எழவில்லை. கையில் வருவதற்கு முன்பே பிடித்துக்கொண்டார்கள்.

இன்னொருவர் நீச்சலோ, ஓட்டமோ, பூப்பந்தோ தேர்ந்தெடுத்து, சங்கம் தரும் மாதாந்தர உதவித்தொகையில் பயிற்சி செய்கிறார். உதவித்தொகை சம்பளமாகாது. வேலை ஒப்பந்தத்தின் கீழ் வரும் சம்பளத்துக்கே மசேநி. சொந்தத் தொழில் செய்வோர் கட்டாயமாகக் கட்ட வேண்டியது மருத்துவச் சேமிப்பான மெடிசேவ் மட்டுமே. ஆக, முப்பத்துநான்கில் இவருடைய பரிசுக்கோப்பைகள் அலமாரி நிறைய இருக்கும்; வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுக்கு முன்பணம் இருக்காது. முழுநேர ஒப்பந்தமுள்ள காற்பந்து வீரர் இவரைவிடத் தேவலை, அவருக்கு மசேநி உண்டு. ஆனால் பள்ளித் தோழர் முப்பத்தைந்தில் மேற்பார்வையாளராகி 4,500 வெள்ளி வாங்கத் தொடங்கும்போது அந்தக் காற்பந்து வீரரும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார். அப்போது மூத்த பிள்ளைக்கு ஏழு வயது.

தேசிய சேவையும் சேர்ந்துகொள்கிறது. மற்ற நாட்டு வீரர் பதினெட்டுக்கும் இருபதுக்கும் இடையில் தொழில்முறை ஒப்பந்தத்தில் காலூன்றும்போது, சிங்கப்பூர் இளைஞர் சீருடையில் இருக்கிறார். ஒலிம்பிக் நீச்சல் வீரர் ஜோசப் ஸ்கூலிங் போன்ற வெகு சிலருக்கே நீண்ட ஒத்திவைப்பு கிடைத்தது. குறுகிய தொழில்காலம் இதனால் இன்னும் இரண்டு ஆண்டு குறுகுகிறது.

பரிசுப்பணம் இருக்கிறதே என்று கேட்கலாம். 2016 ரியோவில் ஸ்கூலிங் தங்கம் வென்றபோது பத்து லட்சம் வெள்ளி பரிசு கிடைத்தது. அதில் 20 விழுக்காடு, இரண்டு லட்சம், விதிப்படி நீச்சல் சங்கத்துக்குப் போனது. அவரை அமெரிக்காவுக்கு அனுப்பிப் பயிற்றுவிக்கப் பெற்றோர் செலவிட்டதும் ஏறத்தாழ பத்து லட்சம் வெள்ளி என்று செய்திகள் வந்தன. உலகத்திலேயே முதலாவதாக வந்தவர் கணக்கே அப்படி ஈடுகட்டி நிற்கிறது. 1960 ரோமில் பளுதூக்கலில் வெள்ளி வென்று, சிங்கப்பூருக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் தந்தவர் டான் ஹவ் லியாங். அதற்கடுத்த பதக்கத்துக்கு நாடு 48 ஆண்டு, 2008 பெய்ஜிங்வரை, காத்திருந்தது. அவர் காலத்தில் இப்படிப்பட்ட பரிசு கிடையாது. பயிற்றுவிப்பாளராகவும் உடற்பயிற்சிக்கூட மேற்பார்வையாளராகவும் உழைத்துத்தான் அவர் பிழைத்தார். நாடு அவரை மறக்கவில்லை. ஆனால் நினைவில் வைத்திருப்பதும் மாதச் சம்பளம் தருவதும் வேறுவேறு.

மெக்சிகோவில் 1968இல் நடந்த ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடிய சி. குணாளனின் தேசிய சாதனையை 33 ஆண்டுகள் யாராலும் தொட முடியவில்லை, 2001இல் யு.கே. ஷியாம் 10.37இல் ஓடித்தான் அதை முறியடித்தார். குணாளன் ஆசிரியர். ஓடிய காலத்திலும் ஆசிரியர். ஓட்டத்தை நிறுத்திய பிறகும் உடற்கல்வி கற்பித்து, ஆசிரியர்களை உருவாக்கும் பணியில் பல பத்தாண்டுகள் இருந்தார். ஓட்டத்தால் அவருக்குக் காசு வரவில்லை. ஓட்டம் நின்றபோது காசு நிற்கவும் இல்லை. அந்தத் தலைமுறையை ‘பொழுதுபோக்கு வீரர்கள்’ என்று சற்றுத் தாழ்வாகச் சொல்லும் வழக்கம் உண்டு. குடும்பப் பொருளாதாரத்தின் பக்கமிருந்து பார்த்தால், பாதுகாப்பாக இருந்தது அவர்கள்தாம். விளையாட்டு முழுநேரத் தொழிலான பிறகுதான் வீரரின் முதுமை அநாதையானது. தரம் உயரவேண்டும் என்று அவரை வேலையிலிருந்து பிரித்தெடுத்தவர்கள், அந்த வேலையோடு கூடவே வந்த சேமிப்புக்கும் பணியுயர்வுக்கும் ஈடு எதுவும் வைக்கவில்லை.

தமிழ்நாட்டில் பழைய ஏற்பாடு இன்றும் ஓரளவு உயிரோடு இருக்கிறது. ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப், தென்னக ரயில்வே, வங்கிகள், காவல்துறை ஆகியவை கைப்பந்து, கபடி, ஹாக்கி அணிகளை வைத்து, ஆடுபவருக்கு வேலையும் தருகின்றன. மாநில அரசு வேலைகளில் 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீடு. கிராமத்துத் தகப்பன் மகனைக் கபடிக்கு அனுப்பச் சம்மதிப்பது, ‘ஆடினால் ரயில்வேயில் எடுத்துக்கொள்வார்கள்’ என்ற ஒரு சொல்லை நம்பித்தான். இடங்கள் குறைவு, போட்டி கடுமை, காத்திருப்பு நீளம் என்ற குறைகளெல்லாம் உண்மை. இருந்தாலும் அந்த வேலை கிடைத்தவர் முப்பத்தைந்தில் அலுவலக மேசைக்குப் போவார், தெருவுக்குப் போகமாட்டார். மலேசியாவில் வேறு வழி: ஒலிம்பிக்கில் தங்கத்துக்கு மாதம் 5,000 ரிங்கிட், வெள்ளிக்கு 3,000, வெண்கலத்துக்கு 2,000 என வாழ்நாள் முழுவதும் தருகிறார்கள். இந்திய அரசும் பதக்கம் வென்றோருக்கு மாத ஓய்வூதியம் தருகிறது. இவை நல்ல திட்டங்கள். ஆனால் மேடை ஏறியவருக்கு மட்டும். அதே மேடைக்காகப் பத்தாண்டு பயிற்சி செய்து ஐந்தாவதாக வந்தவருக்கு இவற்றில் எதுவும் இல்லை.

ஆட்டம் முடிந்தபின் பயிற்றுவிப்பாளராகலாமே என்பது எளிதாகச் சொல்லப்படும் அறிவுரை. ‘டேஸ்லர்’ என்று புகழ்பெற்ற வி. சுந்தரமூர்த்தி, சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம்வரை போய் ஆடியவர். ஜூரோங் கழகத்தில் ஆடிப் பயிற்றுவித்து, பிற்பாடு 2016 முதல் 2018 வரை தேசிய அணியின் பயிற்றுவிப்பாளராக இருந்தார். தென்கிழக்காசிய அணிகளுக்கான 1998 டைகர் கிண்ண இறுதியாட்டத்தில் ஹனோயில் வியட்நாமுக்கு எதிராக வெற்றி கோல் போட்ட ஆர். சசிகுமார், விளையாட்டுச் சந்தைப்படுத்தல் நிறுவனம் ஒன்றைத் தொடங்கி நடத்தினார். இருவரும் பெருமைக்குரியவர்கள், இருவரும் விதிவிலக்குகள். கழகம் எட்டோ ஒன்பதோ என்றால் தலைமைப் பயிற்றுவிப்பாளர் இடமும் அவ்வளவுதான். ஒவ்வொரு கழகத்திலும் இருபதுக்கு மேற்பட்ட ஆட்டக்காரர்கள். பெரும்பாலோருக்குக் கிடைப்பது பள்ளிகளில் மணிக்கணக்குக்கு ஊதியம் தரும் துணைப்பாட வகுப்புகள். பள்ளி விடுமுறை வந்தால் அந்த வருமானமும் விடுமுறையில் போய்விடும்.

குடும்பத்தின் பங்கும் சிறிதல்ல. எளிய வீட்டில் முதன்முதலாகப் பேர் வாங்கிய பிள்ளையிடம் எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். தங்கை திருமணம், தம்பியின் பலதுறைத் தொழிற்கல்லூரிக் கட்டணம், அப்பாவின் மருத்துவச் செலவு, ஊரிலிருக்கும் மாமாவின் கடன். பத்திரிகையில் படம் வந்தவரால் ‘என்னிடம் இல்லை’ என்று சொல்ல முடிவதில்லை, சொன்னாலும் நம்புவாரில்லை. பேருக்குத் தகுந்த தோற்றமும் வேண்டும். 2023இல் ஒரு காருக்கான பத்தாண்டு வாகன உரிமைச் சான்றிதழே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டிய ஊரில், ஆடும் காலத்தில் எடுத்த கார்க்கடன் ஆட்டம் நின்றபின்னும் நிற்காது. முதலீடு என்று வந்து ஏமாற்றுபவர்களும் இந்த வயதைத்தான் குறிவைக்கிறார்கள். அமெரிக்கக் கூடைப்பந்தின் மிக நிதானமான மனிதர் எனப் பெயரெடுத்த டிம் டங்கனே தம் நிதி ஆலோசகரிடம் பல லட்சம் டாலர் இழந்தார். அந்த ஆலோசகர் 2017இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கூச்சம் இருக்கிறது. நேற்றுவரை கையெழுத்து வாங்கிய மக்கள் நடமாடும் இடத்திலேயே சீருடை அணிந்து காவல் வேலைக்கு நிற்பது, விநியோக ஊழியராக உணவங்காடிக்குள் பொட்டலம் எடுக்கப் போகும்போது ‘நீங்கள் அந்த ஆட்டக்காரர்தானே?’ என்று கேட்கப்படுவது எளிதல்ல. அதைத் தவிர்க்க, வேறு ஏதாவது வரும் என்று காத்திருக்கிறார்கள். இருக்கும் சேமிப்பு கரைவது பெரும்பாலும் அந்தக் காத்திருப்பில்தான். உழைப்புக்குத் தயங்காதவர்கள் இவர்கள். தயங்கவைப்பது பார்ப்பவர்களின் பரிதாபப் பார்வை.

சிங்கப்பூர் இதைக் கவனிக்காமல் இல்லை. 2004இல் விளையாட்டுப் பள்ளி தொடங்கியது, படிப்பும் பயிற்சியும் ஒன்றையொன்று விழுங்காமலிருக்க. 2013இல் உயர்நிலை வீரர்களுக்கான ஸ்பெக்ஸ் உபகாரச் சம்பளம் வந்தது. ஆனால் இவை பதக்க நம்பிக்கை உள்ளவர்களிடமிருந்து தொடங்குகின்றன. பூன் லே சமூக மன்றத்திலோ பள்ளித் திடலிலோ தொடங்கி நடுவழியில் நின்றுவிடுபவர்தான் எண்ணிக்கையில் அதிகம்.

வழி ஒன்று ஏற்கெனவே கண்முன் இருக்கிறது. 2025 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்த சட்டத்தின்படி, செயலி வழியாக உணவும் பொட்டலமும் கொண்டுசெல்வோரில் 1995ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கு மசேநி கட்டாயம்; மூத்தவர்கள் விரும்பினால் சேரலாம். நிறுவனமும் தன் பங்கைக் கட்டவேண்டும். வழக்கமான வேலை ஒப்பந்தம் இல்லாதவருக்கும் முதலாளிப் பங்கு வாங்கித்தர முடியும் என்பது இதனால் உறுதியாகிவிட்டது. தேசிய அணிக்கு நீந்துபவருக்கும் ஓடுபவருக்கும், பதக்கம் வருமுன்பே, உதவித்தொகையின் முதல் மாதத்திலிருந்தே இதைச் செய்ய வேண்டும். அதுவரை, பிள்ளையின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் பெற்றோர் மூன்று கேள்விகளைக் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்: இது வேலை ஒப்பந்தமா, உதவித்தொகையா? மசேநி உண்டா? முழங்கால் போனால் எத்தனை மாதம் சம்பளம் வரும்?